பிரேக் பேடு சொல்லும் பாடம்

வடசென்னையில் பிறந்து, அங்கேயே ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பகுதி ஓடும் பொருள்களுக்குப் பெயர்பெற்றது. தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. 1946இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய தொழில், பிற்காலத்தில் எம்.ஆர்.எஃப். என்னும் பெரும் டயர்த் தொழிலாக வளர்ந்தது. 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி அனுப்பிற்று. 1955இல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறியது. அதே 1955இல் என்பீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. புல்லட் மோட்டார் சைக்கிள் திருவொற்றியூரில் உருவாகலாயிற்று. ஆக, ஓடுவதைப் பற்றிப் பெருமை பேச எங்களுக்குச் செய்திகள் ஏராளம். ஆனால் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஓடுவது அன்று, நிற்பது. காரின் டிஸ்க் பிரேக்கையும், அதில் தேய்ந்துபோகும் பேடுகளை வீட்டிலேயே சோதித்து மாற்றும் முறையையும் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பிரேக் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். "வண்டியை நிறுத்துகிறது" என்று நீங்கள் சொல்வீர்கள். அந்த விடைக்கு நான் பாதி மதிப்பெண்தான் கொடுப்பேன். ஓடும் வண்டியில் இயக்க ஆற்றல் இருக்கிறது. ஆற்றலை அழிக்க முடியாது, உருமாற்றத்தான் முடியும். பிரேக் அந்த ஆற்றலை உராய்வின் மூலம் வெப்பமாக மாற்றுகிறது. 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1,39,000 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 63 டிகிரிக்குச் சூடாக்க இது போதும். ஒரே ஒரு தடவை வண்டியை நிறுத்துவதற்குள் இவ்வளவு வெப்பம் பிறக்கிறது! வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். வேகமாக ஓட்டாதே என்று பெரியவர்கள் கூறுவது வெறும் பயத்தினால் அன்று. அதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது.

இந்த வெப்பம் வெளியேற வழி வேண்டும். பழைய கார்களில் பிரேக்குகள் டிரம் என்னும் மூடிய உருளைக்குள் இருந்தன. அம்பாசடர் கார் நெடுங்காலம் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குடன்தான் ஓடியது. டிரம்முக்குள் பிறந்த சூடு எளிதில் வெளியேறாது. டிஸ்க் பிரேக்கிலோ, சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு ஒன்று காற்று படும்படி திறந்திருக்கும். அதை இருபுறமும் இரண்டு கட்டைகள் கவ்விப் பிடிக்கும். அவற்றைத்தான் பட்டறைகளில் பிரேக் பேடு என்கிறார்கள். சைக்கிளின் பிரேக் கட்டைகள் சக்கரத்தின் விளிம்பைக் கவ்வுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிய தத்துவம் அன்று. இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்ற பொறியியலறிஞர் 1902லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். 1953இல் பிரான்சு நாட்டின் லெ மான் என்னும் இடத்தில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்ற பிறகே உலகம் அதை நன்கு கவனித்தது. இன்று நம் நாட்டுச் சிறு கார்கள் பெரும்பாலானவற்றில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க்கும் பின் சக்கரங்களுக்கு டிரம்மும் இருக்கின்றன.

காலால் மிதிக்கும் சிறு விசை எவ்வாறு சக்கரம் வரை பெருகிச் செல்கிறது? பாஸ்கல் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவுகிறது. மிதியின் பக்கத்திலுள்ள பிஸ்டனின் பரப்பு 4 சதுர சென்டிமீட்டர், சக்கரத்தின் பக்கத்திலுள்ள பிஸ்டனின் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், விசை ஐந்து மடங்காகும். பேடுகளைத் தாங்கி நிற்கும் கவ்விக்குக் காலிப்பர் என்று பெயர். சிறு கார்களின் காலிப்பரில் உட்புறம் ஒரே பிஸ்டன்தான் இருக்கும். அது உள்பேடை டிஸ்க்கின்மேல் அழுத்துகிறது. வெளிப்பேடை யார் அழுத்துவது? காசிமேட்டில் படகிலிருப்பவர் கழியால் கரையை உந்தினால் படகு எதிர்ப்புறம் நகர்வதைக் கண்டிருப்பீர்கள். அதுபோலவே, பிஸ்டன் டிஸ்க்கை உந்தும்போது காலிப்பரின் உடல் எதிர்த்திசையில் நகர்ந்து வெளிப்பேடையும் இழுத்து அழுத்துகிறது. அவ்வாறு நகர்வதற்காக அது இரண்டு வழுக்கு ஊசிகளின்மேல் பொருத்தப்பட்டிருக்கிறது. 'பின்' என்று சொல்லப்படும் இந்த ஊசிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் கதையில் குற்றவாளி அவைதாம்.

கதை என்றேன், உண்மையில் அது என் தவறு. சில ஆண்டுகளுக்கு முன், என்னுடைய சிறிய காரில் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் கிறீச்சென்று ஓசை கேட்கலாயிற்று. பேடு தேய்ந்துவிட்டது என்று அறிந்தேன். புதிய பேடுகள் வாங்கினேன். புத்தகம் படித்துப் பழகியவன் அல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருவொற்றியூரில் என் வீட்டு வாசலிலேயே சக்கரங்களைக் கழற்றி, பழையதை எடுத்துப் புதியதைப் பொருத்தினேன். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. பழைய பேடுகளைக் குப்பைக் கூடையில் எறிந்துவிட்டு, பெருமிதத்தோடு வண்டியில் ஏறி அமர்ந்தேன்.

எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வருவதற்காகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. குடங்களுக்குப் பின்னால் அண்டை வீட்டுச் சிறுமி ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். வண்டி மெதுவாக நகர்ந்தது. பிரேக்கை மிதித்தேன். மிதி தரை வரை சென்றது, வண்டி நிற்கவில்லை. மறுபடியும் மிதித்தேன், நிற்கவில்லை. என் கை தானாகவே கைப் பிரேக்கை இழுத்தது. இரண்டு குடங்களை நொறுக்கிவிட்டு வண்டி நின்றது. அந்தக் குழந்தைக்கும் வண்டிக்கும் இடையே ஒரு முழம் இருந்திருக்கும். அவளுடைய தாய் ஓடிவந்து குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு, "என்ன சார், பிரேக் பிடிக்கலையா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னால் விடை கூற முடியவில்லை. மாலையில் இரண்டு புதிய குடங்கள் வாங்கிக் கொடுத்தேன். அவற்றின் விலை அற்பம். ஆனால் அந்த ஒரு முழ இடைவெளியை நினைத்து அன்றிரவு நான் உறங்கவில்லை.

எண்ணூரில் வாகனத் தொழிற்சாலை ஒன்றில் பல்லாண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் பழைய மாணவர் ஒருவர், செய்தி கேட்டு மறுநாள் வந்தார். அவர் முதலில் கேட்ட கேள்வி எனக்கு வியப்பாக இருந்தது. "சார், பழைய பேடு எங்கே?" என்றார். குப்பைக் கூடையிலிருந்து நான்கு பேடுகளையும் பொறுக்கி எடுத்து, இன்ன சக்கரத்தது என்று விசாரித்து, திண்ணையில் வரிசையாக வைத்தார். வலப்பக்கத்து இரண்டும் பாதி அளவு தேய்ந்திருந்தன. இடப்பக்கத்து வெளிப்பேடு ஏறக்குறையப் புதிதுபோல் இருந்தது. இடப்பக்கத்து உள்பேடோ பின்தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்து போயிருந்தது. "நாலும் ஒரே வண்டியில் ஓடினவைதானே, சார்? ஒன்று மட்டும் ஏன் இப்படித் தேய்ந்தது?" என்றார்.

நான் தலைகுனிந்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் நான். தவறான விடையைக் கண்டால் அதை அடித்துவிட்டுச் சரியான விடையை எழுதிக் கொடுப்பது ஆசிரியர் வேலை அன்று. பிள்ளை எந்த இடத்தில் வழி தவறினான் என்று கண்டுபிடிப்பதே வேலை என்று பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். தேய்ந்த பேடு ஒரு விடைத்தாள். அதைப் படிக்காமலே கிழித்தெறிந்தேன்.

காரணம் அந்த ஊசிகள்தாம். எங்கள் ஊர்க் கடற்காற்றில் உப்பு இருக்கிறது. ஊசியை மூடிய ரப்பர் உறை கிழிந்து, உப்பும் ஈரமும் உட்புகுந்து, ஊசி துருப்பிடித்து இறுகிவிட்டது. காலிப்பர் நகரவில்லை. ஆகவே வெளிப்பேடு வேலை செய்யவில்லை; உள்பேடே முழுச் சுமையையும் தாங்கித் தேய்ந்தது. நான் போட்ட புதிய பேடும் அவ்வாறே விரைவில் தேய்ந்திருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அருகில் அமர்ந்திருக்க, நான் எல்லாவற்றையும் கழற்றி மறுபடியும் செய்தேன். என் மாணவர் அன்று எனக்கு ஆசிரியரானார். அவர் கற்பித்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதற்பாடம், ஓசையைக் கேட்டறிதல். மழை இரவுக்குப் பின்னும், கடலோரத்தில் சாதாரண இரவுக்குப் பின்னும்கூட, டிஸ்க்கின்மேல் மெல்லிய துரு படியும். காலையில் முதல் நாலைந்து தடவை மிதிக்கும்போது உரசும் ஓசை கேட்டு மறைந்துவிட்டால் கவலை இல்லை. கிறீச்சென்ற கூரிய ஓசை நாள்தோறும் தொடர்ந்தால், பேடு தேய்ந்திருக்கலாம். பேடு குறிப்பிட்ட அளவு தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசி எச்சரிப்பதற்கென்றே பல பேடுகளில் ஒரு சிறு தகடு வைத்திருக்கிறார்கள். கரகரவென்று இரும்போடு இரும்பு அறையும் ஓசை கேட்டால், எச்சரிக்கைக் காலம் கடந்துவிட்டது, வண்டியை ஓட்டக்கூடாது. மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால், இரு பக்கத்துப் பிரேக்குகளும் சமமாக வேலை செய்யவில்லை என்று பொருள் கொள்ளலாம். மிதி அதிர்ந்தால் டிஸ்க்கின் பரப்பைச் சந்தேகிக்க வேண்டும். மிதி பஞ்சுபோல் மெத்தென்று இறங்கினால் திரவக் குழாய்களில் காற்று புகுந்திருக்கலாம், அல்லது கசிவு இருக்கலாம். அதற்குப் புதிய பேடு மருந்து ஆகாது.

இரண்டாம் பாடம், வண்டியைத் தூக்குதல். பெரியவர் ஒருவர் உடனில்லாமல் மாணவர்கள் இதில் இறங்கவே கூடாது. சமதரையில் வண்டியை நிறுத்தி, பிரேக் ஆறிய பிறகே தொடங்க வேண்டும். கைப் பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே அதன் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திக்கொண்டு, பிறகு கையேடு காட்டும் இடத்தில் ஜாக்கியை வைத்துத் தூக்க வேண்டும். தூக்கியதும் உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் வண்டியை அமர்த்த வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அன்று. செங்கல்லை அடுக்கி நம்புவதும் தவறு. பாரம் தாங்காமல் அது திடீரென்று உடையும்.

மூன்றாம் பாடம், கழற்றுதல். ஒரு சமயத்தில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றுங்கள். மறுபக்கம் பிரிக்காமல் இருந்தால், எது எங்கே இருந்தது என்ற ஐயத்துக்கு அதுவே விடை சொல்லும். பெரும்பாலான சிறு கார்களில் காலிப்பரின் கீழ்ப் போல்டைக் கழற்றி, காலிப்பரை மேலே தூக்கினால் பேடுகள் வெளிவந்துவிடும். காலிப்பரை முழுவதும் எடுக்க நேர்ந்தால், கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். அதன் எடையை ரப்பர் குழாய் தாங்கும்படி விடக்கூடாது. அங்கே படிந்திருக்கும் தூளை வாயால் ஊதாதீர்கள். காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். முற்காலத்துப் பேடுகளில் கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸ் பரவலாகக் கலக்கப்பட்டது. அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும். எந்தப் பிரேக் தூளும் மூச்சில் புகத் தக்கதன்று. முகக்கவசம் அணிந்து, பிரேக்குக்கென்று விற்கும் துப்புரவுத் திரவத்தால் ஈரமாகவே கழுவ வேண்டும்.

நான்காம் பாடம், விடைத்தாளைப் படித்தல். புதிய பேடில் உராய்வுப் பொருளின் கனம் பொதுவாக 10 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும். 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்தால் மாற்றிவிடுவது நலம். உள்ளும் புறமும் சமமாகத் தேய்ந்திருந்தால் அது நியாயமான முதுமை. உள்பேடு மட்டும் தேய்ந்திருந்தால் ஊசி இறுகியிருக்கலாம், அல்லது பிஸ்டன் பின்வாங்காமல் இருக்கலாம். ஒரே பேடு ஒரு முனையில் அதிகமாகவும் மறுமுனையில் குறைவாகவும் தேய்ந்திருந்தால் காலிப்பர் கோணலாக நகர்கிறது. எண்ணெய் பட்டிருந்தால் கசிவைத் தேட வேண்டும். டிஸ்க்குக்கும் குறைந்தபட்சக் கனம் உண்டு. அந்த அளவு பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தேய்ந்ததையும் வெடிப்பு விட்டதையும் வைத்துக்கொள்ளக் கூடாது.

ஐந்தாம் பாடம், பொருத்துதல். ஊசிகளை வெளியே இழுத்துத் துருவைத் துடைத்து, பிரேக்குக்குரிய கிரீஸை மெல்லிதாகத் தடவ வேண்டும். கிழிந்த ரப்பர் உறையை மாற்ற வேண்டும். பேடின் உராய்வு முகத்திலும் டிஸ்க்கிலும் கிரீஸ் ஒரு துளியும் படக்கூடாது. புதிய பேடு கனமானது. ஆகையால் பிஸ்டனை உள்ளே தள்ளினால்தான் இடம் கிடைக்கும். பழைய பேடை இடையில் வைத்து, கிளாம்பினால் மெதுவாக அழுத்துங்கள். அப்போது மேலேயுள்ள தொட்டியில் திரவம் உயர்ந்து வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது வண்டியின் வர்ணத்தை அரிக்கும். நம் பட்டறைகளில் இதைப் பிரேக் ஆயில் என்று சொன்னாலும், சாதாரணக் கார்களில் இது எண்ணெய் அன்று. உண்மையான எஞ்சின் எண்ணெயை அதில் ஊற்றினால் ரப்பர் உறுப்புகள் ஊதிக் கெட்டுவிடும். மூடியின்மேல் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ எழுதியிருப்பதைப் பார்த்தே வாங்க வேண்டும். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கத்தையும் இவ்வாறே செய்ய வேண்டும். ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் பேடுகளைச் சேர்த்தே மாற்ற வேண்டும். போல்டுகளைக் கையேட்டில் குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும். சக்கர நட்டுகளை எதிரெதிராக முடுக்க வேண்டும்.

ஆறாம் பாடந்தான் நான் தவறவிட்டது. பிஸ்டனை உள்ளே தள்ளிவிட்டோம் அல்லவா? இப்போது பிஸ்டனுக்கும் பேடுக்கும் இடையே வெற்றிடம் இருக்கிறது. முதல் சில மிதிகள் அந்த இடைவெளியை நிரப்பவே செலவாகும், சக்கரத்தைப் பிடிக்கா. என் மிதி தரை வரை சென்றது அதனால்தான். கைப் பிரேக் தனிக் கம்பியால் பின் சக்கரங்களைப் பிடிப்பது. அதனால்தான் அது என்னைக் காப்பாற்றியது. ஆகவே வண்டியைக் கிளப்புவதற்கு முன், நின்ற இடத்திலேயே மிதியைப் பல தடவை மெதுவாக அழுத்துங்கள். அது கல்போல் உறுதியாக நிற்க வேண்டும். பின்னர்த் திரவ அளவைப் பாருங்கள். அதன் பிறகு ஆளற்ற இடத்தில், நடை வேகத்தில் நிறுத்திப் பாருங்கள். முதல் சில நாள் கடுமையாக மிதிக்காமல், இடையிடையே ஆறவிட்டு ஓட்டினால், புதிய பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பொருந்திப் பழகும்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யலாம் என்று நான் கூறவில்லை. பிஸ்டன் நகராவிட்டாலும், திரவம் கசிந்தாலும், மிதி உறுதிப்படாவிட்டாலும், பின் சக்கரத்தில் மின்சாரத்தால் இயங்கும் கைப் பிரேக் இருந்தாலும், கருவிகளைக் கீழே வைத்துவிட்டுத் தேர்ந்த பட்டறைக்காரரை அழையுங்கள். நம் அறிவின் எல்லையைத் தெரிந்துகொள்வதும் அறிவுதான். பட்டறைக்குப் போனாலும் ஒன்று செய்யுங்கள். கழற்றிய பேடுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நான்கையும் வரிசையாக வைத்து, ஏன் என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

அன்று திண்ணையில் வைத்த அந்த இடப்பக்கத்து உள்பேடு இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. அந்தச் சிறுமி இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். சில மாலைகளில் கணக்குக் கற்றுக்கொள்ள வருவாள். விடை தவறினால் அடித்துவிட்டு வேகமாக அடுத்த கணக்குக்குத் தாவுவாள். அப்போதெல்லாம் அந்தப் பேடை எடுத்து அவள் கையில் கொடுப்பேன். அதன் கதை அவளுக்குத் தெரியும். பக்கத்தைத் திருப்பி, எங்கே தவறினோம் என்று முதலிலிருந்து படிக்கத் தொடங்குவாள்.